குற்றம் தண்ணீரில், பழி சோப்பின் மேல்

"போன வாரம் வாங்கின சோப்பு நுரையே வரலையே, போலிச் சரக்கா அண்ணாச்சி?" என்று வாடிக்கையாளர் கேட்டால் நம்மில் பலர் இரண்டில் ஒன்றைத்தான் செய்கிறோம். வேறு சோப்பை மாற்றிக் கொடுக்கிறோம். இல்லையேல் கம்பெனியைக் குறை சொல்லிச் சமாளிக்கிறோம். இரண்டிலும் கடைக்கே நஷ்டம். போலிச் சோப்பு சந்தையில் இல்லவே இல்லை என்று சொல்ல வரவில்லை. ஆனால் ஒரே பெட்டியில் வந்த சரக்குக்கு ஒரு தெருவிலிருந்து மட்டும் புகார் வருகிறது என்றால், பார்க்க வேண்டியது சோப்பை அல்ல, அந்தத் தெருவின் தண்ணீரை.

கோவைக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். சிறுவாணித் தண்ணீரில் கை கழுவினால் சோப்பு வழுக்கிக்கொண்டே இருக்கும். அதே வீட்டுப் போர்வெல் குழாயைத் திறந்தால் நுரைக்குப் பதில் பால் திரிந்தாற்போல் வெள்ளைக் கசடு மிதக்கும். நிலத்தடிப் பாறையிலிருந்து கரைந்து வரும் கால்சியம், மக்னீசியம் உப்புகளே காரணம். இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 10500, குடிநீரில் இந்தக் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்கிறது. வேறு தண்ணீருக்கு வழியில்லாத இடங்களில் 600 வரை அனுமதி உண்டு.

மில்லிகிராம் என்றால் அற்பமாகத் தோன்றும். நமக்குப் பழகிய எடைக் கணக்கில் பார்ப்போம். கடினத்தன்மை 400 உள்ள தண்ணீர் 10 லிட்டர் வாளியில் சுண்ணாம்புக் கணக்கில் 4 கிராம் உப்பு இருக்கிறது. அது ஏறத்தாழ 24 கிராம் சோப்பைக் கசடாக்கித் தின்றுவிட்ட பிறகுதான் நுரையே கிளம்பும். வாளிக்கு 24 கிராம் போனால் சோப்புக் கட்டி எத்தனை நாள் வரும்?

வாடிக்கையாளருக்கு வாயால் சொல்வதைவிடக் காட்டிவிடுவது நல்லது. அவர் வீட்டுத் தண்ணீரை ஒரு பாட்டிலில் கொண்டுவரச் சொல்லுங்கள். அதிலும், மழைத் தண்ணீர் அல்லது பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரிலும் ஒரே அளவு சோப்புச் சீவலைப் போட்டுக் குலுக்குங்கள். டிடர்ஜென்ட் பவுடரை வைத்துக் குலுக்கினால் வித்தியாசம் இவ்வளவு தெரியாது; கடினத் தண்ணீரைத் தாங்கும் சரக்குகள் அதில் சேர்ந்திருக்கின்றன. சிலர் டி.டி.எஸ். மீட்டரைக் காட்டிக் கேட்பார்கள். அது கரைந்துள்ள எல்லா உப்பையும் சேர்த்துக் காட்டுமே தவிர, கடினத்தன்மையைத் தனியாகக் காட்டாது.

இதற்கு மருந்து நம் கடையிலேயே இருக்கிறது. மேற்படி வாளிக்கு ஒரு டீஸ்பூன் சலவை சோடாவை முதலில் கரைத்து, சற்று நேரம் விட்டுப் பிறகு சோப்புப் போட்டால் போதும். கேட்பவர்கள் சலவை சோடாவையும் ஆப்ப சோடாவையும் குழப்பிக்கொள்வார்கள். ஆப்ப சோடா இந்த வேலைக்கு உதவாது. பட்டு, கம்பளித் துணிகளுக்கும் அலுமினியப் பாத்திரத்துக்கும் சலவை சோடா ஆகாது என்பதையும் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

வாட்டர் ஹீட்டரும் ஆசிட் பாட்டிலும்

சோப்பை விட அதிகச் செலவு வைப்பது சூடுபடுத்தும் சாதனங்கள். தண்ணீர் சூடேறும்போது அதில் கரைந்திருந்த சுண்ணாம்பு பிரிந்து படியும். 60 டிகிரிக்கு மேல் போனால் வேகமாகப் படியும். ஹீட்டர் காயில், மின்சாரக் கெட்டில், டீக்கடை பாய்லர் எல்லாவற்றிலும் இதே கதைதான். படிந்த ஓடு சூட்டைத் தண்ணீருக்குக் கடத்தாது. கரண்ட் கூடுதலாகச் செலவாகும், உள்ளே காயில் அளவுக்கு மீறிச் சூடாகி ஒருநாள் எரிந்துபோகும். சூட்டை 50, 55 டிகிரியில் நிறுத்தி வைத்தாலே ஓடு படிவது குறையும்.

ஓட்டைக் கரைக்க வாடிக்கையாளர் நம்மிடம் கேட்பது பெரும்பாலும் பாத்ரூம் ஆசிட். இங்கேதான் நாம் யோசிக்க வேண்டும். அந்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஓட்டோடு நிற்காது, எவர்சில்வரையும் அரிக்கும். இதற்கு ஏற்ற சரக்கு லெமன் சால்ட், அதாவது சிட்ரிக் அமிலம். ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீருக்கு இரண்டு மேசைக்கரண்டி கரைத்து, கெட்டிலில் அரை மணி நேரம் ஊறவைத்துக் கொட்டி, நன்றாக அலசினால் ஓடு விட்டுப்போகும். கெட்டியாகப் படிந்திருந்தால் மறுபடி ஒருமுறை. ஹீட்டர் தொட்டியைத் திறப்பது மட்டும் மெக்கானிக் வேலை.

ஆசிட் விற்பதில் சட்டச் சிக்கலும் உண்டு. அமில வீச்சு வழக்கில் உச்ச நீதிமன்றம் 2013 ஜூலையில் பிறப்பித்த உத்தரவின்படி, கவுண்டரில் ஆசிட் விற்பவர் பதிவேடு வைத்து வாங்குபவர் விவரத்தையும் அளவையும் எழுத வேண்டும். முகவரியுடன் கூடிய அரசு அடையாள அட்டையைப் பார்க்க வேண்டும். எதற்காக வாங்குகிறார் என்று கேட்க வேண்டும். 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவருக்கு விற்கக் கூடாது. இருப்பை 15 நாட்களுக்குள் சப் டிவிஷனல் மாஜிஸ்டிரேட்டிடம் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காத சரக்கு பறிமுதலாகும்; அபராதம் ரூ.50,000 வரை போகலாம். ஒரு பாட்டிலில் கிடைக்கும் லாபத்தையும் இந்தத் தொகையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஆசிட்டையே நிறுத்திவிட்டு லெமன் சால்டைக் கால் கிலோ, அரைக் கிலோப் பொட்டலமாகக் கட்டி வைப்பது மேல் என்பது என் அபிப்பிராயம்.

ஆசிட் வைத்தே தீர வேண்டியவர்கள் அதைப் பிளீச்சிங் பவுடர் இருக்கும் அலமாரியில் வைக்க வேண்டாம். இரண்டும் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும். மூடிய பாத்ரூமுக்குள் அது உயிருக்கே ஆபத்து. லெமன் சால்டும் அமிலமே ஆகையால் அதையும் பிளீச்சிங் பவுடரோடு கலக்கக் கூடாது. இரண்டையும் ஒரே பையில் வாங்கிப் போகிறவரிடம் இந்த ஒரு வார்த்தையைச் சொல்லி அனுப்புங்கள்.