ஏழு விநாடிப் பரீட்சை

சொல்ல வேண்டியதை விட்டுவிட்டு, கேட்காததையெல்லாம் சொல்லி வாய்ப்பை இழக்கின்றன பல ரெஸ்யூமேக்கள்

திங்கட்கிழமை காலை. பெங்களூர் தொம்மலூர் மேம்பாலத்தை ஒட்டிய ஜெராக்ஸ் கடைகளில் கூட்டம். இஸ்திரி கலையாத சட்டை, கையில் பிளாஸ்டிக் ஃபைல், சட்டைப் பையில் பென் டிரைவ். "அண்ணா, பத்து செட்" என்று கேட்கும் தமிழ்க் குரல்களுக்கும் இங்கே பஞ்சமில்லை. முந்தைய இரவு சேலத்திலோ திருநெல்வேலியிலோ பஸ் ஏறியவர்கள். இயந்திரத்திலிருந்து சூடாக வந்து விழும் அந்த மூன்று பக்கங்களை நம்பித்தான் வந்திருக்கிறார்கள்.

அதில் இருப்பது என்ன? மேலே புகைப்படம். அடுத்து, "சவாலான சூழலில் என் திறமையை வெளிப்படுத்தி நிறுவனத்தின் வளர்ச்சிக்கு உழைக்க விரும்புகிறேன்" என்ற லட்சியம். பிறகு தந்தை பெயர், பிறந்த தேதி, மதம், திருமண நிலை. பொழுதுபோக்கு: பாட்டு கேட்பது, கிரிக்கெட். கடைசியில், "மேற்கண்ட விவரங்கள் யாவும் உண்மை" என்ற உறுதிமொழி. ஊரும் பெயரும் மாறலாம், வாசகம் மாறுவதில்லை.

தொம்மலூருக்கு வேலை தேடி வருவது புதிதல்ல. பக்கத்திலேயே 1940-ல் தொடங்கப்பட்ட ஹிந்துஸ்தான் விமான நிறுவனம். அரசுத் தொழிற்சாலைகளின் காலத்தில் வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவும் டைப் அடித்த பயோடேட்டாவும் போதும். பிறகு ஐ.பி.எம்., கோல்ட்மேன் சாக்ஸ் போன்ற நிறுவனங்கள் வந்து இடம்பிடித்த கோல்ஃப் லிங்க்ஸ் வளாகம் எழுந்தது. 1997-ல் தொடங்கிய நௌக்ரி.காம் விண்ணப்பத்தைக் கம்ப்யூட்டருக்குள் கொண்டுபோனது. எல்லாம் மாறிய பிறகும் மாறாமல் நிற்பது பழைய பயோடேட்டாதான்.

இதைப் படிப்பவருக்கு எவ்வளவு நேரம் இருக்கிறது? அமெரிக்காவின் லேடர்ஸ் என்ற வேலைவாய்ப்பு நிறுவனம், ஆள் தேர்வு செய்பவர்களின் கண் அசைவைக் கருவி வைத்து அளந்தது. 2012 ஆய்வில் முதல் பார்வைக்குக் கிடைத்தது 6 விநாடி. 2018-ல் 7.4 விநாடி. அந்த நேரத்தில் கண் தேடுவது பெயர், தற்போதைய வேலை, முந்தைய வேலை, படிப்பு ஆகியவற்றைத்தான். லட்சியத்தையும் கிரிக்கெட்டையும் அல்ல.

டாவின்சி காட்டிய வழி

பயோடேட்டா ஒருவர் யார் என்று சொல்கிறது. ரெஸ்யூமே அவர் என்ன செய்தார், இனி என்ன செய்வார் என்று சொல்ல வேண்டும். இந்த வித்தியாசத்துக்குப் பழைய உதாரணம் லியோனார்டோ டாவின்சி. 1480-களின் தொடக்கத்தில் மிலன் நகரை ஆண்ட லுடோவிகோ ஸ்ஃபோர்ஸாவிடம் வேலை கேட்டு அவர் தயாரித்த கடிதத்தின் வரைவு இன்றும் இருக்கிறது. சுலபமாகத் தூக்கிச் செல்லக்கூடிய பாலம், கோட்டையைத் தகர்க்கும் வழி, பீரங்கி என்று வரிசையாக எண் போட்டு எழுதியவர், ஓவியம் வரைவேன் என்பதைக் கடைசியில்தான் சொன்னார். போர் மூளக்கூடிய நிலையில் இருந்த பிரபுவுக்கு எது தேவை என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

இன்றைக்கும் சூத்திரம் அதுதான். வேலை அறிவிப்பை முதலில் படித்து, அதில் கேட்பவற்றில் தன்னிடம் இருப்பதை மேலே வைக்க வேண்டும். "கணக்குப் பிரிவில் பணியாற்றினேன்" என்பது செய்தி அல்ல. "மாதம் 400 பில்களைச் சரிபார்த்தேன், மூன்று நாள் எடுத்த மாதக் கணக்கை ஒரே நாளில் முடிக்க வழி செய்தேன்" என்பது செய்தி. வேலை பார்த்திராதவர்களுக்கும் இது பொருந்தும். கல்லூரி புராஜெக்டில் நால்வர் இருந்தால் தன் பங்கு எது? அப்பாவின் மளிகைக் கடைக் கணக்கைக் கம்ப்யூட்டரில் ஏற்றியிருந்தால் அதுவும் அனுபவமே. புதியவருக்கு ஒரு பக்கம் போதும். ஒரே ரெஸ்யூமேயை ஐம்பது இடத்துக்கு அனுப்புவதைவிட, ஐந்து இடத்துக்கு ஏற்றபடி திருத்தி அனுப்புவது மேல்.

பெரிய நிறுவனங்களில் முதலில் படிப்பது பெரும்பாலும் மென்பொருள். கட்டங்கள், இரட்டைப் பத்திகள், படமாகச் செருகிய எழுத்துகள் அதைக் குழப்பக்கூடும். சாதாரண எழுத்து, தெளிவான தலைப்புகள், அறிவிப்பில் உள்ள அதே சொற்கள் போதும். ஆனால் இயந்திரம் நடுநிலையானது என்று நம்பிவிட முடியாது. பத்தாண்டு விண்ணப்பங்களைக் காட்டி அமேசான் பழக்கிய மென்பொருள், "பெண்கள் செஸ் கிளப்" போன்ற சொற்களைக் கண்டால் மதிப்பெண்ணைக் குறைத்ததாக 2018-ல் செய்தி வந்தது. ஆண்களே அதிகம் விண்ணப்பித்த துறையின் பழைய வழக்கத்தைத்தான் அது கற்றிருந்தது. நிறுவனம் அதைக் கைவிட்டது.

பெயரில் என்ன இருக்கிறது?

தந்தை பெயரும் மதமும் வேண்டாம் என்பதற்கு இடம் மிச்சமாகும் என்பது மட்டும் காரணமல்ல. பொருளாதார அறிஞர் சுகதேவ் தோரட்டும் சமூகவியலாளர் பால் அட்டெவெலும் 2005 அக்டோபர் முதல் 66 வாரங்கள் ஒரு சோதனை நடத்தினர். பத்திரிகைகளில் வந்த 548 தனியார் துறை விளம்பரங்களுக்கு 4,808 விண்ணப்பங்கள் போயின. ஒரே தகுதி, பெயர்கள் மட்டும் வேறு. 2007-ல் வெளியான முடிவு சங்கடமானது. உயர்சாதி இந்துப் பெயருக்கு அழைப்பு வரும் சாத்தியத்தை 1 என்று வைத்தால், தலித் பெயருக்கு அது 0.67. முஸ்லிம் பெயருக்கு 0.33.

தமிழருக்கு இதில் ஓரளவு பாதுகாப்பு உண்டு. 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டத்தைத் துறக்கச் சொன்னது. பின்னால் வந்த தலைமுறைகளுக்குப் பெயரோடு இனிஷியல் மட்டுமே மிஞ்சியது. ஆனால் மதத்தைக் காட்டும் பெயரை இனிஷியல் மறைக்காது. ஆன்லைன் படிவமோ "குடும்பப் பெயர்" இல்லாமல் நகர மறுக்கிறது. அப்பா பெயரைப் போட்டால், அலுவலகம் அப்பா பெயர் சொல்லியே கூப்பிடும்! சான்றிதழில் ஒரு விதம், பாஸ்போர்ட்டில் ஒரு விதம், ரெஸ்யூமேயில் ஒரு விதம் என்றிருந்தால் சரிபார்க்கும்போது சிக்கல். ஒரே வடிவத்தைத் தேர்ந்துகொண்டு எங்கும் அதையே எழுதுவது நல்லது.

அரசு வேலைக்கு இந்த விதி பொருந்தாது. அங்கே படிவம் கேட்பதையெல்லாம் கொடுத்தாக வேண்டும்; இட ஒதுக்கீட்டுக்குச் சாதிச் சான்றிதழும் அவசியம்.

மாட்டிவிடும் வரிகள்

வாய்ப்புக் கிடைக்காத விரக்தியில் சிலர் குறுக்குவழிக்குப் போகிறார்கள். இல்லாத நிறுவனத்தில் இரண்டு வருட அனுபவம், அதற்கு ஒரு சான்றிதழ். போலி நிறுவனங்களின் சான்றிதழ்களைக் காட்டிச் சேர்ந்தவர்களை வெளியேற்றியதாக அக்சென்ச்சர் இந்தியா 2022-ல் அறிவித்தது. ஊழியர்களின் படிப்பையும் முந்தைய வேலைகளையும் சரிபார்த்துப் பதிவு செய்ய, மென்பொருள் நிறுவனங்களின் கூட்டமைப்பான நாஸ்காம் 2006-லேயே தேசியத் திறன் பதிவேட்டைத் தொடங்கிவிட்டது. மேலிடத்திலும் கருணை கிடைப்பதில்லை. கணக்கியல் மட்டுமே படித்த யாஹூ தலைவர் ஸ்காட் தாம்சனின் சுயவிவரத்தில் கம்ப்யூட்டர் சயின்ஸ் பட்டமும் இருந்தது. 2012 மே மாதம், பதவியேற்று சில மாதங்களிலேயே அவர் வெளியேறினார்.

ஆக, "யாவும் உண்மை" என்று கடைசியில் எழுதுவதால் எதுவும் உண்மையாகிவிடாது. மேலே உள்ள வரிகள் உண்மையாக இருந்தால் அந்த வரியே தேவையில்லை. லட்சியம், மதம், பொழுதுபோக்கு, உறுதிமொழி எல்லாம் போனால் மூன்று பக்கம் ஒரு பக்கமாகும். நஷ்டம் தொம்மலூர் ஜெராக்ஸ் கடைக்காரருக்கு மட்டும்தான்.