பருத்தித் துணியும் பன்னாட்டு உடன்பாடும்

மலிவாக விற்க ஒருவர் முன்வந்தால், வாங்கும் நாடு அதனை ஏன் தடுக்கிறது என்று பருத்தி பயிரிடும் அன்பர்கள் என்னை வினவுவதுண்டு. பல வேளைகளில் அந்நாடு நேராகத் தடுப்பதில்லை. விற்பவரையே குறைத்துக்கொள்ளுமாறு கேட்கிறது. இம்முறை தோன்றிய வரலாற்றை ஊராட்சி உறுப்பினர்கள் அறிந்திருத்தல் நலம்.

1950களில் ஜப்பானியப் பருத்தித் துணிகள் அமெரிக்காவில் பெருமளவில் வந்திறங்கின. அந்நாட்டு ஆலைக்காரர்கள் முறையிட்டனர். அவர்கள் குறையில் ஓரளவு நியாயமும் இருந்தது. அமெரிக்க அரசாங்கம் தன் விவசாயிகளின் பொருட்டு உள்நாட்டில் பருத்தி விலையைத் தாங்கிப் பிடித்தது. மிஞ்சிய பஞ்சை 1956 முதல் வெளிநாடுகளுக்குக் குறைந்த விலையில் விற்றது. ஆகவே அமெரிக்கப் பஞ்சு, அமெரிக்க ஆலையைக் காட்டிலும் ஜப்பானிய ஆலைக்கு மலிவாகக் கிடைத்தது! உழவருக்குச் செய்த உதவி ஆலைக்கு இடராயிற்று.

இறக்குமதிக்கு அளவு விதிக்க, 1948 முதல் நடைமுறையிலிருந்த ‘காட்’ என்னும் வாணிபப் பொது உடன்படிக்கை பொதுவாக இடம் தரவில்லை. விதிவிலக்காக விதித்தாலும் எல்லா நாடுகளையும் சமமாக நடத்த வேண்டும். எனவே இரு தரப்பினரும் தனியே பேசினர். ஆண்டொன்றுக்கு 23.5 கோடி சதுர கஜத்துக்கு மேல் அனுப்புவதில்லையென்று ஐந்தாண்டுத் திட்டமொன்றை 1957-இல் ஜப்பான் ஏற்றது. ‘தாமாக முன்வந்து’ என்பது அதற்கு இட்ட பெயர். இசையாவிடில் இன்னும் கடுமையான கட்டுப்பாடு வரும் என்ற அச்சம் இருக்கையில், அச்சொற்களை நாம் சற்று ஐயத்துடனேயே படிக்க வேண்டும்.

ஒரு மடையை அடைத்தால் நீர் அடுத்த மடைக்குப் பாயுமல்லவா? ஜப்பான் விட்ட இடத்தை ஹாங்காங் பிடித்துக்கொண்டது. ஒரு நாட்டுடன் மட்டும் பேசிப் பயனில்லையென்று கண்டு, 1961-இல் ஜெனீவாவில் பல நாடுகள் கூடின. 1962 அக்டோபரில் நீண்டகால ஏற்பாடு அமலுக்கு வந்தது. இந்தியாவும் அதில் சேர்ந்தது. 1974-இல் கம்பளியும் செயற்கை இழையும் சேர்க்கப்பட்டன. 1995 முதல் பத்தாண்டுகளில் படிப்படியாகத் தளர்த்தப்பட்டு, 2005 ஜனவரி 1-இல் இக்கட்டுப்பாடு முடிவுற்றது.

அதுகாறும் திருப்பூர்ப் பின்னலாடைகளும் கோட்டா வரம்புக்குள்ளேதான் அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் சென்றன. வரத்துக் குறைந்தால் விலை ஏறும். ஏறிய விலை கோட்டா வைத்திருப்பவரைச் சேரும். கோட்டாவையே விலைக்குக் கைமாற்றியோரும் உண்டு. பருத்தி விளைவித்தவருக்கு அதில் பங்கில்லை.

கட்டு அவிழ்ந்த ஆறாம் மாதமே, சீனாவின் பத்து வகைத் துணிகளுக்கு 2007 வரை வரம்பு கட்ட ஐரோப்பிய ஒன்றியமும் சீனாவும் உடன்பட்டன. வரம்பு சில வாரங்களில் நிரம்பிற்று. ஐரோப்பியக் கடைக்காரர்கள் தாமே வரவழைத்த ஆடைகள் துறைமுகங்களில் முடங்கின. செப்டம்பரில் மறுபடியும் பேசிய பின்னரே அவை வெளிவந்தன.