குறட்டை நல்ல தூக்கமா?

அவர் ஒரு லாரி ஓட்டுநர். வயது 42. காஷ்மீரையும் கன்னியாகுமரியையும் இணைக்கும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் லாரி ஓட்டுபவர். வீட்டுக்கு வந்து படுத்தால் உடனே தூங்கிவிடுவார். பெரிதாகக் குறட்டை விடுவார். அடுத்த வீடு வரை கேட்கும்.

"பாவம், உழைத்த களைப்பு. நன்றாகத் தூங்குகிறார்" என்று எல்லோரும் சொன்னார்கள்.

மனைவிக்கு மட்டும் பயம். குறட்டை நடுவில் திடீரென்று நின்றுவிடும். மூச்சும் நின்றுவிடும். சிறிது நேரம் கழித்துத் திணறிக்கொண்டு மூச்சு வரும். மீண்டும் குறட்டை தொடங்கும். இரவு முழுவதும் இப்படித்தான்.

"ஏங்க, ராத்திரி உங்களுக்கு மூச்சு நின்னு நின்னு வருது" என்றார் மனைவி.

"எனக்கு ஒண்ணும் தெரியலையே. நல்லாத்தானே தூங்குறேன்" என்றார் கணவர்.

அவர் பொய் சொல்லவில்லை. தூங்குபவருக்கு இது தெரியாது. ஆனால் காலையில் அவருக்குத் தலை வலிக்கும். பகலில் தூக்கம் வரும். ஒரு நாள் லாரி ஓட்டும்போதே கண் சொக்கியது. லாரி சாலையை விட்டு இறங்கியது. கிளீனர் கத்தினார். ஓட்டுநர் பிரேக்கை அழுத்தினார். நல்ல வேளை, யாருக்கும் அடிபடவில்லை. அதன் பிறகுதான் இருவரும் மருத்துவரிடம் போனார்கள்.

குறட்டை ஏன் வருகிறது?

நாம் தூங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்கின்றன. நாக்கு பின்னால் சரிகிறது. மூச்சு போகும் வழி குறுகுகிறது. குறுகிய வழியில் காற்று போகும்போது உள்நாக்கும் அதைச் சுற்றியுள்ள மென்மையான சதையும் அதிர்கின்றன. அந்தச் சத்தம்தான் குறட்டை.

உடல் பருமன், மூக்கடைப்பு, மது, புகை ஆகியவை குறட்டையை அதிகமாக்கும். மல்லாந்து படுத்தாலும் அதிகமாகும். சிறு குழந்தைகளுக்கு டான்சில் சதை வளர்ந்திருந்தாலும் குறட்டை வரும்.

எப்போது அது நோய்?

எல்லாக் குறட்டையும் நோய் அல்ல. சளி பிடித்தால் வரும் குறட்டை சளியோடு போய்விடும். ஆனால் சிலருக்கு மூச்சு வழி முழுவதும் அடைபடுகிறது. 10 விநாடி அல்லது அதற்கு மேலும் மூச்சு நிற்கிறது. இரத்தத்தில் பிராணவாயு குறைகிறது. மூளை பதறி உடலைத் தட்டி எழுப்புகிறது. மூச்சு திரும்புகிறது.

ஒரு மணி நேரத்தில் 5 முறைக்கு மேல் இப்படி நடந்தால் கவனிக்க வேண்டும். 30 முறைக்கு மேல் நடந்தால் நோய் கடுமையானது. இப்படிப்பட்டவர் எட்டு மணி நேரம் படுத்திருந்தாலும் சரியாகத் தூங்கியவர் ஆகமாட்டார். கவனிக்காமல் விட்டால் இரத்தக் கொதிப்பு, இதய நோய், பக்கவாதம் வரும் ஆபத்து கூடும். வண்டி ஓட்டுபவர் என்றால் மற்றவர் உயிருக்கும் ஆபத்து.

எப்படிக் கண்டுபிடிப்பது?

மருத்துவர் முதலில் மனைவியிடம்தான் கேட்டார். "அம்மா, இரவில் நீங்கள் பார்த்ததைச் சொல்லுங்கள்" என்றார். பிறகு ஓட்டுநரின் எடை, கழுத்தின் சுற்றளவு, இரத்த அழுத்தம் ஆகியவற்றைப் பார்த்தார். மூக்கையும் தொண்டையையும் சோதித்தார்.

அடுத்தது தூக்கச் சோதனை. ஓர் இரவு மருத்துவமனையில் தூங்க வேண்டும். தலையிலும் மார்பிலும் ஒயர்களை ஒட்டுவார்கள். வலி இருக்காது. மூச்சு எத்தனை முறை நிற்கிறது என்று கருவி கணக்கிடும். தில்லி எய்ம்ஸ் போன்ற பெரிய மருத்துவமனைகளில் இந்த வசதி உண்டு.

சிகிச்சை என்ன?

எடையைக் குறைக்க வேண்டும். மதுவையும் புகையையும் விட வேண்டும். ஒருக்களித்துப் படுக்க வேண்டும். தூக்க மாத்திரையைத் தாமாக வாங்கிச் சாப்பிடக் கூடாது. அது தொண்டையை இன்னும் தளர்த்திவிடும்.

நோய் கடுமையானால் 'சிபேப்' என்னும் கருவி உதவும். மூக்கில் மாட்டும் முகமூடி வழியாக அது காற்றை மெல்ல அழுத்தி அனுப்பும். மூச்சு வழி அடைபடாது. ஆஸ்திரேலிய மருத்துவர் காலின் சல்லிவனும் அவருடைய குழுவினரும் 1981இல் இந்த முறையை அறிவித்தார்கள். கருவியைத் தினமும் மாட்ட வேண்டும். மாட்டாத இரவில் நோய் திரும்பிவிடும். குழந்தைகளுக்கு டான்சில் அறுவைச் சிகிச்சை பலருக்குப் பலன் தரும்.

அந்த ஓட்டுநர் இப்போது கருவியோடு தூங்குகிறார். பகலில் கண் சொக்குவதில்லை. மனைவியும் பயமில்லாமல் தூங்குகிறார்.

உங்கள் வீட்டில் யாராவது பெரிதாகக் குறட்டை விடுகிறார்களா? சிரித்துவிட்டுப் போகாதீர்கள். அருகில் உட்கார்ந்து கவனியுங்கள். குறட்டை நின்றால் ஒன்று, இரண்டு என்று மெல்ல எண்ணுங்கள். பத்து எண்ணியும் மூச்சு வரவில்லையா? மறுநாளே அவரை மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். நீங்களும் கூடப் போங்கள். அவருக்குத் தெரியாததை நீங்கள்தான் சொல்ல முடியும்.