வைஃபை பாதுகாப்புச் சொற்கள்

வைஃபை எனப்படும் கம்பியில்லா வலையமைப்பில் தரவுகள் வானொலி அலைகளாகப் பரவுகின்றன. சுவர் அவற்றை முழுமையாகத் தடுப்பதில்லை. அடுத்த வீட்டுக் கணினியும் அவற்றைப் பெற இயலும். எனவே தரவைப் பிறர் படிக்க முடியாதபடி மாற்றி அனுப்ப வேண்டியுள்ளது. இதுவே மறையாக்கம். ரவுட்டர் எனப்படும் திசைவியின் அமைப்புப் பக்கத்தில் காணும் டபிள்யூஇபி, டபிள்யூபிஏ, டபிள்யூபிஏ2, டபிள்யூபிஏ3 ஆகியவை இதற்கான முறைகளின் பெயர்கள். நான்கும் கடவுச்சொல் கேட்கும். ஆனால் நான்கும் ஒரே அளவு பாதுகாப்பானவை அல்ல.

முதலில் வந்தது டபிள்யூஇபி (1997). கம்பிவழி இணைப்புக்கு நிகரான அந்தரங்கம் என்பது இதன் பெயர்ப் பொருள். பெயருக்கேற்ப அது நடக்கவில்லை. இம்முறையில் ஒவ்வொரு தரவுப் பொதியும் மாறாத ஒரு சாவியோடு, தொடக்க எண் எனப்படும் மாறும் எண்ணையும் சேர்த்து மறையாக்கப்படுகிறது. அந்த எண்ணின் நீளம் 24 பிட் மட்டுமே. அதாவது 1,67,77,216 வாய்ப்புகள். பெரிய எண்ணாகத் தோன்றலாம். ஆனால் 23 மாணவர் உள்ள வகுப்பில் இருவருக்கு ஒரே பிறந்தநாள் அமைய ஏறத்தாழப் பாதி வாய்ப்பு உண்டு என்று படித்திருப்பீர்கள். அதே கணக்கின்படி, எண்களைக் குலுக்கல் முறையில் எடுத்தால் சுமார் 5,000 பொதிகளுக்குள்ளேயே ஓர் எண் மீண்டும் வந்துவிடப் பாதி வாய்ப்பு உள்ளது. ஒரே எண்ணில் மறையாக்கிய இரு பொதிகளை இணைத்தால் மறைப்பு நீங்கி, இரு மூலத் தரவுகளின் வேறுபாடு மட்டும் எஞ்சும். 2001இல் புளூரர், மாண்டின், ஷமீர் ஆகியோர் சாவியையே கண்டுபிடிக்கும் வழியை விளக்கினர். அதன்பின் இதைப் பயன்படுத்தக் காரணமே இல்லை.

2003இல் வந்த டபிள்யூபிஏ, பழைய கருவிகளிலும் இயங்குவதற்கான இடைக்கால ஏற்பாடு. 2004இல் வந்த டபிள்யூபிஏ2 வலுவான ஏஇஎஸ் மறையாக்கத்தைப் பயன்படுத்துகிறது. எனினும் ஒரு கருவி இணையும்போது நடக்கும் பரிமாற்றத்தைப் பதிவு செய்துகொண்டவர், பிறகு தம் கணினியிலேயே கடவுச்சொற்களை ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்க்கலாம். கைபேசி எண்ணைக் கடவுச்சொல்லாக வைப்பது இதனால்தான் ஆபத்து. பத்து இலக்கங்களைக் கணினி விரைவில் முயன்று முடித்துவிடும். 2018இல் அறிவிக்கப்பட்ட டபிள்யூபிஏ3இல் ஒவ்வொரு ஊகத்துக்கும் திசைவியோடு பேசியாக வேண்டும்.

எஸ்எஸ்ஐடி என்பது வலையமைப்பின் பெயர். அதை மறைத்து வைப்பது பாதுகாப்பு ஆகாது. கருவி இணையும்போது அப்பெயர் வெளிப்படையாகவே செல்கிறது. அதே பெயரை வேறொருவரும் தம் கருவிக்கு வைக்கலாம். பேருந்து நிலையத்தில் தெரிந்த பெயரைக் கண்டதும் இணைந்துவிட வேண்டாம்.

டபிள்யூபிஎஸ் என்பது கடவுச்சொல்லைத் தட்டாமல் எளிதாக இணைய உதவும் வசதி. இதன் 8 இலக்க எண்ணுக்கு 10 கோடி வாய்ப்புகள் இருக்க வேண்டும். ஆனால் கடைசி இலக்கம் வெறும் சரிபார்ப்பு இலக்கம். முதல் நான்கு இலக்கங்கள் சரியா என்பதைத் திசைவி தனியாகத் தெரிவித்துவிடுகிறது. ஆகவே 10,000 + 1,000 = 11,000 முயற்சிகள் போதும். 2011இல் இக்குறை வெளியானது. டபிள்யூபிஏ2 வைத்திருந்தாலும் இவ்வழி திறந்தே இருக்கும் என்பதால், அமைப்புப் பக்கத்தில் இதை அணைத்து வைக்கவும்.