எழுத்தின் பூட்டு: அலுவலகக் கணினியும் லினக்ஸும்

மதுரை கலெக்டர் ஆபீஸில் மனு கொடுக்க வருபவருக்கும் அரசுக்கும் இடையில் இன்று ஒரு கணினி இருக்கிறது. அது யாருடைய விதிகளின்படி இயங்குகிறது என்பது அதிகாரம் பற்றிய கேள்வி. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாப்ட் 2025 அக்டோபர் 14இல் நிறுத்திக்கொண்டது. நன்றாக ஓடிக்கொண்டிருந்த எந்திரங்கள், வைத்திருப்பவரைக் கேட்காமலேயே பழசாகிப்போயின.

லினக்ஸின் மூலநிரலை யாரும் படிக்கலாம், திருத்தலாம், பகிரலாம். ஓசியில் கிடைப்பது இரண்டாம்பட்சம்தான். தமிழகத்தில் இதற்கு முன்னுதாரணம் உண்டு. சி. உமாசங்கர் நிர்வாக இயக்குநராக இருந்த காலத்தில், 2006-07 வாக்கில், அரசு நிறுவனமான எல்காட் தன் மேசைக் கணினிகளை சூசே லினக்ஸுக்கு மாற்றியது. 2011இல் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் சேர்ந்து வந்தது. ஆனாலும் மேலூர், உசிலம்பட்டி மாதிரியான ஊர்களின் தாலுகா ஆபீஸ் மேசைகளில் விண்டோஸ் பெரிதாக அசைந்துவிடவில்லை.

'இதுலயே பழகிட்டோம் சார்' என்ற பதிலைச் சோம்பல் என்று ஒதுக்கிவிட முடியாது. அரசுக் கோப்புகள் பலவும் வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் அடிக்கப்பட்டவை. அந்த முறையில் கணினி சேமிப்பது ஆங்கில எழுத்துகளுக்குரிய எண்களை. அவற்றுக்குத் தமிழ் முகம் தருவது எழுத்துரு. அது இல்லாத கணினியில் திறந்தால் வெறும் கிறுக்கல். தட்டச்சு மென்பொருள்களோ பெரும்பாலும் விண்டோஸுக்கென்றே எழுதப்பட்டவை. பூட்டு எழுத்துக்குள்ளேயே இருக்கிறது. 2010இல் தமிழக அரசு ஒருங்குறியை ஏற்று ஆணையிட்டது. ஆணையைப் பார்த்துப் பழைய கோப்புகள் தாமாக மாறிவிடாது.

மேலிருந்து வரும் முடிவு மேலிருந்தே திரும்பிப் போகவும் கூடும். ஜெர்மனியின் மியூனிக் நகராட்சி 2003இல் முடிவெடுத்து, பத்தாண்டுகளில் சுமார் 15,000 கணினிகளை மாற்றியது; 2017இல் விண்டோஸுக்கே திரும்பத் தீர்மானித்தது.

சங்கங்களும் சிறுபத்திரிகைகளும் யாருடைய ஆணைக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. முதலில் பழைய கோப்புகளை ஒருங்குறிக்கு மாற்றி, மெய்ப்புப் பார்க்க வேண்டும். பிறகு விண்டோஸில் இருந்தபடியே லிப்ரே ஆபீஸும் தமிழ்99 விசைப்பலகையும் பழகலாம். அடுத்து ஒரே ஒரு கணினியில் லினக்ஸ் போட்டு, பிரிண்டரும் ஸ்கேனரும் ஒத்துழைக்கின்றனவா என்று ஒரு மாதம் பார்க்கலாம். மற்றவை அதற்கப்புறம். எந்தக் கணினியை முதலில் மாற்றுவது என்பதை, அதில் தினமும் உட்கார்ந்து தட்டச்சு செய்பவரைக் கேட்டே முடிவுசெய்ய வேண்டும். அவரைக் கேட்காமல் செய்தால் அதுவும் இன்னொரு மேலிடத்து உத்தரவாகத்தான் இருக்கும்.