ஹெரெஸ் பிரதேசத்து வெள்ளை மண்ணும் திராக்ஷைச் சாகுபடியும்

ஸ்பெயின் தேசத்தின் தென்மேற்கு மூலையில், அட்லாண்டிக் சமுத்திரத்தை அடுத்து, குவாதல்கிவீர், குவாதலேதே என்னும் இரு நதிகளுக்கிடையே ஹெரெஸ் பிரதேசம் உள்ளது. ஷெர்ரி எனப்படும் ஒயின் உற்பத்தியாவது இங்கேதான். வருஷத்திற்குச் சராசரி 24 அங்குல மழை உண்டு. ஆனால் அதில் பெரும்பகுதி அக்டோபர் முதல் ஏப்ரலுக்குள் பெய்து தீர்ந்துவிடும். காய் திரண்டு பழுக்கும் கோடை மாதங்களில் மழை அபூர்வம். தொன்றுதொட்டு இது மானாவாரிச் சாகுபடியே. அப்படியிருக்கக் கொடிகள் வாடாமல் நிற்பதன் காரணம் கவனிக்கத்தக்கது.

ஆதியில் கடலடியில் நுண்ணுயிர்களின் ஓடுகள் படிந்து உண்டான, சுண்ணாம்பு மிகுந்த மண் இங்குள்ள குன்றுகளில் பரவியிருக்கிறது. இதற்கு ஆல்பாரிஸா என்று பெயர். கோடையில் கண் கூசும்படி வெளுத்திருக்கும் இம்மண்ணைப் புதிதாய்ப் பார்ப்பவர் தரிசென்றே எண்ணுவர். உண்மையில் அது மாரிக்காலத்தில் பஞ்சுபோல் நீரை உறிஞ்சிக்கொள்ளும். வெயில் ஏறியதும் மேற்பரப்பு இறுகி, அடியிலுள்ள ஈரம் ஆவியாகிப் போகாதபடி மூடிக் காக்கும். வேர்கள் பல அடி ஆழம் இறங்கி அவ்வீரத்தைத் தேடிக்கொள்கின்றன. பள்ளத்திலுள்ள கருநிறக் களிமண்ணில் விளைவு அதிகமாயினும் களையும் அதிகம். ஒயினும் நயத்தில் குறைந்தது.

மண் எத்தகையதாயினும், நிலம் சரிவாதலால் பெருமழை நீர் மண்ணையும் வாரிக்கொண்டு ஓடிவிடும். ஆகவே அறுவடை முடிந்தவுடன் வரிசைகளுக்கிடையே நீண்ட சதுரக் குழிகள் வெட்டி நீரைத் தேக்குவார்கள். இவற்றுக்கு அஸெர்பியா என்று பெயர். வசந்த காலத்தில் குழிகளை மூடிச் சமன்படுத்தி, களை நீக்குவார்கள். முன்பு மண்வெட்டியால் செய்த இவ்வேலையை இப்போது இயந்திரம் செய்கிறது. கூலிச் செலவுக்கு அஞ்சி இதை விட்டவன் அவ்வருஷத்து மழையையே இழந்தவனாவான்.

1894-ல் பில்லாக்ஸெரா என்னும் வேர்ப்பூச்சி வந்து கொடிகளை அழித்தது. அமெரிக்க வேர்ச்செடிகளில் ஒட்டுக் கட்டியே தோட்டங்கள் மீண்டன. அவற்றிலும் சுண்ணாம்பைத் தாங்காத இனங்கள் இலை வெளுத்து நலியுமாதலால், தாங்கும் இனங்களையே தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது.

காற்றும் இரண்டு வகை. கிழக்கிலிருந்து வரும் லெவாந்தே வறண்டு அனல் வீசும். மேற்கிலிருந்து வரும் போனியெந்தே கடலின் குளிர்ச்சியையும் ஈரத்தையும் கொணரும். முன்பு செப்டம்பரில் தொடங்கிய அறுவடை, உஷ்ணம் மிகுந்துவிட்டதால், இப்போது பெரும்பாலும் ஆகஸ்டிலேயே தொடங்குகிறது. மேல்காற்று ஒயின் சாலைகளுக்கும் அவசியம். பீப்பாய்களில் ஒயின்மேல் படரும் ஈஸ்ட் ஏட்டுக்குக் குளிர்ச்சியும் ஈரமும் வேண்டும். கடலோரமான ஸான்லூகர் நகரில் அவ்வேடு வருஷமுழுதும் தடித்திருக்கிறது. சற்று உள்ளே தள்ளியுள்ள ஹெரெஸ் நகரிலோ கோடையில் மெலிந்துபோகிறது.