ஸ்கேனில் தெரியாத காயம்

தலையில் பட்ட அடி ஆறிய பிறகும் மூளையின் வேலைத்திறனில் குறை தங்கிவிடுவதுண்டு. தையல் பிரித்து, நடக்கவும் பேசவும் தொடங்கிவிட்டவரைப் பார்த்து ‘ஆளே மாறிட்டாரு’ என்று வீட்டார் சொல்வது இந்தக் குறையைத்தான். மூளையின் முன்மடலும் பக்கமடலும் அமர்ந்திருக்கும் எலும்புத் தளம் மேடுபள்ளமானது. வண்டியிலிருந்து தூக்கியெறியப்படும்போது மூளை அதில் மோதிக் கன்றிப்போகிறது. தலை சட்டென்று சுழல்வதால் நுண்ணிய நரம்பிழைகள் இழுபட்டுச் சேதமடைகின்றன. இழைகளின் சேதம் பல நேரங்களில் சி.டி. ஸ்கேனில் தெரிவதில்லை.

கவனம், புதியதை நினைவில் வைத்தல், யோசிக்கும் வேகம், ஒரு வேலையைத் திட்டமிட்டு முடித்தல் ஆகியவையே அதிகம் பாதிக்கப்படுகின்றன. பழைய நினைவு பெரும்பாலும் தப்பிவிடும்: கல்யாணம் நடந்த வருடத்தைச் சரியாகச் சொல்பவர், காலையில் மாத்திரை போட்டதை மறந்திருப்பார். முன்மடல் காயம் சிலருக்கு அடங்காத கோபத்தைத் தருகிறது. சிலரை எதிலும் நாட்டமில்லாமல் முடக்கிவிடுகிறது. தனக்குக் குறை இருப்பதே தெரியாதவர்களும் உண்டு. எனவே நோயாளியை மட்டும் விசாரித்து முடிக்கும் மதிப்பீடு பாதி மதிப்பீடுதான். கூடவே இருக்கும் மனைவியோ தாயோ சொல்வதையும் கேட்டாக வேண்டும்.

இத்தகைய காயம் சாலை விபத்தில் நேர்வதுண்டு. ராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் திருமங்கலம்–கொல்லம் நெடுஞ்சாலையில் அமைந்த ஊர்கள். இவ்வூர்க்காரர்கள் நாடும் பெரிய அரசு மருத்துவமனைகளில் ஒன்று மதுரை இராசாசி மருத்துவமனை. சாலை விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை இலவசமாக்கும் ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தைத் தமிழக அரசு 2021 டிசம்பரில் தொடங்கியது. உயிர் பிழைக்க அந்த நேரம் முக்கியம். நினைவும் கவனமும் எந்த அளவு திரும்பின என்ற கேள்வி, அதற்கு வெகு நாட்களுக்குப் பிறகு வீட்டில்தான் எழுகிறது.

மதிப்பீடு விபத்தன்றே தொடங்குகிறது. 1974-இல் டீஸ்டேல், ஜென்னெட் இருவரும் வகுத்த கிளாஸ்கோ அளவுகோல் கண் திறத்தல், பேச்சு, அசைவு மூன்றையும் பார்த்து 3 முதல் 15 வரை மதிப்பெண் தருகிறது. 8-உம் அதற்குக் கீழும் கடுமையான காயம். அடுத்து, விபத்துக்குப் பின் நடப்பவை மனதில் பதியாமல் போகும் குழப்பக் காலம் எத்தனை நாள் நீடித்தது என்று கணிக்கிறார்கள். அது நீள நீள, மீட்சியும் தாமதமாகும். குழப்பம் தெளியும் முன் விரிவான சோதனை நடத்தினால் முடிவு தவறாகிவிடும்.

தெளிந்த பிறகு உளவியலாளர், எண்களைத் தலைகீழாகச் சொல்லச் சொல்வார். சில சொற்களைக் கொடுத்து அரைமணி கழித்துக் கேட்பார். ஒரு நிமிடத்தில் எத்தனை விலங்குப் பெயர்கள் வருகின்றன என்று எண்ணுவார். படிப்புக்கும் வயதுக்கும் ஏற்ப மதிப்பெண்ணை ஒப்பிடுவது அவசியம். பெங்களூருவின் நிம்ஹான்ஸ் மனநல, நரம்பியல் நிறுவனம் 2004-இல் வெளியிட்ட சோதனைத் தொகுப்பில் இந்திய மக்களுக்கான அத்தகைய அளவுகள் உள்ளன. நாள், மாதம் அறிகிறாரா என்று பார்க்கையிலும், ஸ்ரீவில்லிபுத்தூர் விவசாயியிடம் ஆங்கிலத் தேதி கேட்பதைவிட ஆடிப்பூரத் தேர் ஓடிவிட்டதா என்று கேட்பது நேரான கேள்வி. தூக்கமின்மை, மனச்சோர்வு, வலிப்பு மாத்திரை ஆகியவையும் மதிப்பெண்ணைக் குறைக்கக்கூடும் என்பதை மறந்துவிடக் கூடாது.

லேசான காயமுற்ற பெரும்பாலோர் 3 மாதங்களுக்குள் தேறிவிடுகிறார்கள். கடுமையான காயத்தில் முதல் 6 மாதங்களில் முன்னேற்றம் வேகமாக இருக்கும். பிறகு மெதுவாக, ஓரிரு ஆண்டுகளுக்கு மேலும் தொடரலாம். அதனால் சோதனையை இடைவெளி விட்டுத் திரும்பச் செய்ய வேண்டும்.

அமைதியான அறையில் நல்ல மதிப்பெண் எடுத்தவர் ராஜபாளையம் நூற்பாலையில் தடுமாறலாம். அங்கே இரைச்சலுக்கு நடுவே பல கதிர்களைக் கண்காணித்து, அறுந்த இழையை உடனே இணைக்க வேண்டும். பால்கோவா கிண்டுபவருக்கோ கவனம் சற்றுச் சிதறினாலும் பால் அடிப்பிடித்துவிடும். எனவே வேலைக்குத் திரும்புவதைப் படிப்படியாகச் செய்கிறார்கள்: முதலில் பகலில் சில மணி நேரம், பழகிய ஒருவரின் துணையோடு, பிறகு முழு நேரம். இரவு ஷிஃப்டும் வண்டி ஓட்டுவதும் மருத்துவர் சொன்ன பிறகுதான்.